ஹெட்ஃபோனுக்கு முப்பதாயிரம் கொடுக்கலாமா?

ஆயிரம் ரூபாய்க்கும் இயர்போன் கிடைக்கிறது, முப்பதாயிரத்துக்கும் ஹெட்ஃபோன் விற்கிறது. இரண்டிலும் கேட்கப்போவது அதே பாட்டுதான். நடுவில் இருக்கும் அந்த இருபத்தொன்பதாயிரம் எதற்கு? கடையில் கேட்டால் "சவுண்ட் குவாலிட்டி சார்" என்று பதில் வரும். அதை அப்படியே நம்பிப் பணத்தை எடுத்து நீட்ட வேண்டாம் என்பதற்கு ஓர் ஆய்வே இருக்கிறது.

2017இல் யெரோன் பிரேபார்ட் என்ற ஒலியியல் ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களின் அளவீடுகளை எடுத்துக்கொண்டார். காதை முழுக்க மூடுபவை, காது மேல் அமர்பவை, காதுக்குள் நுழைபவை என எல்லா வகையும் அதில் இருந்தன. ஒவ்வொன்றும் ஒலியை எழுப்பும் விதத்தை அதன் கடை விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் தென்படவில்லை. விலை ஏற ஏற ஒலி ஒரு திசையில் மேம்பட்டுக்கொண்டே போகிறது என்ற நம்பிக்கைக்கு அந்த அளவீடுகளில் ஆதாரம் இல்லை.

அதற்காக விலை உயர்ந்த ஹெட்ஃபோன் எல்லாமே ஏமாற்று என்று முடிவு கட்டவும் கூடாது. அந்த ஆய்வு அளந்தது ஒரே ஒரு குணத்தை. நாம் கொடுக்கும் பணமோ பல குணங்களுக்காகப் பிரிந்து போகிறது. எது எதற்குப் போகிறது, அதில் எது நமக்கு வேண்டியது என்று தெரிந்துவிட்டால் முப்பதாயிரம் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு அவரவரே பதில் சொல்லிக்கொள்ளலாம்.

ட்யூனிங் என்றால் என்ன

பிரேபார்ட் அளந்த குணத்துக்கு அதிர்வெண் துலங்கல் என்று பெயர். ஹெட்ஃபோன் பிரியர்கள் சுருக்கமாக ட்யூனிங் என்பார்கள். ஹெட்ஃபோனின் ஒலி நமக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

மனிதக் காது 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. ஒரு கச்சேரிப் பதிவைக் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிருதங்கத்தின் தொப்பியில் விழும் கும்கி இந்த அளவுகோலின் கீழ்ப்பக்கம் இருக்கிறது. பாடகரின் குரலும் வயலினும் நடுவில். தம்பூராவின் ரீங்காரத்தில் மினுங்கும் நுண்ணொலிகளும் கஞ்சிராவில் கோத்த நாணயங்களின் சலசலப்பும் மேல்பக்கம். இந்த மூன்று பகுதிகளையும் எந்த விகிதத்தில் காதுக்குள் அனுப்புகிறது என்பதுதான் ஒரு ஹெட்ஃபோனின் ட்யூனிங். கீழ்ப்பக்கத்தை அளவுக்கு மீறித் தூக்கினால் குரல் பின்னால் தள்ளப்பட்டு மூடிய அறைக்குள்ளிருந்து கேட்பது போலாகிவிடும். 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி குறைந்துவிட்டால் பாட்டின் சொற்கள் மங்கும். அதற்கும் மேலே 6,000, 8,000 பக்கம் எகிறினால் 'ஸ', 'ச' வரும் இடமெல்லாம் காதைக் குத்தும். கேட்டு அரை மணி நேரத்தில் தலைவலி வருகிறது என்று சிலர் சொல்வதற்கு இந்தக் கடைசிக் கோளாறு ஒரு முக்கியக் காரணம்.

சரி, எந்த விகிதம் நல்ல விகிதம்? அது ரசனையைப் பொறுத்தது என்றுதான் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் ஷான் ஆலிவ், டாட் வெல்ட்டி ஆகியோர் 2012, 2013 வாக்கில் தொடங்கிய ஆய்வுகள் அந்தப் பேச்சை மாற்றின. கேட்பவருக்கு பிராண்ட் தெரியக் கூடாது. ஆனால் கண்ணைக் கட்டினாலும் எடையும் பிடிப்பும் காதில் படும் மெத்தையான பேடின் மென்மையும் எந்த ஹெட்ஃபோன் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் பல ஹெட்ஃபோன்களின் ட்யூனிங்கையும் மென்பொருள் வழியாக ஒரே ஹெட்ஃபோனில் வரவழைத்து, மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார்கள். பெரும்பாலானோர் விரும்பியது ஏறக்குறைய ஒன்றையே: நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கரில் கேட்டால் எப்படி இருக்குமோ அதைப் போன்ற ஒலி, பேஸ் எனப்படும் கீழ்ப்பக்க ஒலி மட்டும் சற்றே தூக்கலாக. இதைத்தான் இன்று ஹார்மன் வளைவு என்கிறார்கள். சிலருக்கு இதைவிடக் கூடுதல் பேஸ் பிடிக்கும், சிலருக்குக் குறைவாக. ஆனாலும் பெரும்பான்மையின் ரசனை எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது.

அந்த ஆய்வுகள் வெளியானதும், பெரிய ஆய்வுக்கூடம் இல்லாத நிறுவனங்களுக்கும் இலக்கு தெரிந்துவிட்டது. உள்ளிருந்து ஒலியை எழுப்பும் பாகமான ட்ரைவரின் பின்னால் ஒட்டும் காகித வடிகட்டி, கூட்டில் போடும் சிறு துளை, உள்ளே விடும் காற்றிடம் ஆகியவற்றை மாற்றி மாற்றித்தான் ட்யூனிங்கைக் கொண்டுவருகிறார்கள். இதற்கு அறிவும் பொறுமையும் அளக்கும் கருவியும் வேண்டும், விலை உயர்ந்த மூலப்பொருள் வேண்டியதில்லை. சீனாவின் செங்டு நகரத்து மூன்ட்ராப் நிறுவனம் 2022இல் சூ என்ற கம்பி இயர்போனைச் சுமார் 20 டாலருக்கு வெளியிட்டபோது, அதைவிடப் பல மடங்கு விலையுள்ளவற்றோடு அதை ஒப்பிட்டுப் பேசினார்கள். ஒலி மட்டுமே வேண்டும், கம்பி இருந்தால் பரவாயில்லை என்பவருக்கு இது ஒரு பொற்காலம் என்றே சொல்வேன். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாயில் இன்று கிடைக்கும் நல்ல கம்பி இயர்போனின் ட்யூனிங் பத்து மடங்கு விலையுள்ள பலவற்றைவிடச் சீராக இருக்க முடியும்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காதுக்குள் போடும் இயர்போனின் ரப்பர் முனை காதுத் துளையை இடைவெளி இல்லாமல் அடைத்தால்தான் பேஸ் வரும். "வாங்கினேன், பேஸே இல்லை" என்று வருத்தப்படுபவர்கள் முதலில் பெட்டியில் வந்த பெரிய முனையை மாட்டிப் பார்க்க வேண்டும். காதை மூடும் ஹெட்ஃபோனில் இதே வேலையைப் பேட் செய்கிறது. கண்ணாடி அணிபவர்களுக்குக் கண்ணாடியின் கால் பேடுக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளி உண்டாக்கிவிடும், பேஸ் அந்த வழியாகக் கசிந்துவிடும். விலை எதுவானாலும் இந்த இடைவெளியை அடைக்காமல் ட்யூனிங்கைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

மிச்சப் பணம் எங்கே போகிறது

என் கணிப்பில், கூடுதல் பணத்துக்கு மிகத் தெளிவான பலன் தருவது நாய்ஸ் கேன்சலிங். ஹெட்ஃபோனில் உள்ள மைக் வெளிச் சத்தத்தைக் கேட்கிறது, உள்ளிருக்கும் சிப் அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்குகிறது, இரண்டும் காதுக்குள் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இதை நமக்குப் பழக்கப்படுத்தியதில் அமர் போஸுக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்ற விடுதலைப் போராட்டக்காரர் ஒருவரின் மகன், எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர், போஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர். 1978இல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்தபோது, விமானத்தில் கொடுத்த ஹெட்ஃபோனில் என்ஜின் இரைச்சலைத் தாண்டி இசை கேட்கவில்லை. இறங்குவதற்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார் என்பது அந்த நிறுவனம் சொல்லிவரும் வரலாறு. 1989இல் விமானிகளுக்கான ஹெட்செட் வந்தது. பொதுமக்களுக்கான க்வயட் கம்ஃபர்ட் ஹெட்ஃபோன் வர 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த நுட்பம் ஒரே சீராக ஓடும் தாழ்ந்த அதிர்வெண் இரைச்சலில்தான் நன்றாக வேலை செய்யும். ரயில் பெட்டியின் உறுமல், பேருந்து என்ஜின், ஏசி, மின்விசிறி எல்லாம் அடங்கும். பக்கத்து இருக்கைக்காரரின் பேச்சும் திடீரென அடிக்கும் ஹாரனும் அவ்வளவாக அடங்காது. அவற்றைத் தடுப்பது பேடின் இறுக்கமும் ரப்பர் முனையின் அடைப்பும்தான். இப்போது சில ஆயிரம் ரூபாய் இயர்பட்ஸிலும் நாய்ஸ் கேன்சலிங் வந்துவிட்டது. விலை கூடும்போது எவ்வளவு அகலமான வீச்சில் இரைச்சலை அடக்குகிறது, காற்றடிக்கும்போது மைக் தடுமாறுகிறதா, போனில் பேசினால் எதிர்முனைக்குக் குரல் தெளிவாகப் போகிறதா என்பவற்றில் வித்தியாசம் தெரியும்.

தினமும் இரண்டு மணி நேரம் ரயிலிலோ பேருந்திலோ போய்வருபவர் இதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது நியாயம் என்று நினைக்கிறேன். அது வெறும் சொகுசு இல்லை. சுற்றிலும் இரைச்சல் இருந்தால் நாம் அறியாமலே வால்யூமை ஏற்றிக்கொண்டே போவோம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை, வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். சத்தம் 90 டெசிபலானால் அந்த 40 மணி நேரம் வெறும் 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். சத்தத்தால் செவியுணர்வு போய்விட்டால் எந்த விலைக்கும் அது திரும்பக் கிடைக்காது. இரைச்சல் அடங்கிய இடத்தில் பாதி வால்யூமே போதுமானதாக இருக்கிறது. ஒன்று மட்டும்: தெருவில் நடக்கும்போதும் தண்டவாளத்தின் பக்கத்திலும் நாய்ஸ் கேன்சலிங்கை அணைத்துவிட்டு, காதையும் திறந்து வையுங்கள்.

இதற்கு அடுத்து நான் மதிப்பது ஆயுளை. இங்கே ஒரு பெயர் சொல்லி ஆக வேண்டும்: சென்ஹைசர் நிறுவனத்தின் எச்டி 600 என்ற கம்பி ஹெட்ஃபோன். 1997இல் வந்தது, இன்றும் விற்கிறது. பேட் நைந்தால் பேடை மட்டும் கழற்றி மாற்றலாம். கேபிள் அறுந்தால் கேபிளை மட்டும் வாங்கலாம். தலைப்பட்டையின் மெத்தை, வெளிப்பக்கச் சல்லடை, ஏன் ட்ரைவர்கூட, ஈயப் பற்று வைக்காமல் பிரித்து மாட்டும்படி செய்திருக்கிறார்கள். இருபது ஆண்டுக்கு மேல் ஒரே எச்டி 600ஐ வைத்திருப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

இதை ஒயர்லெஸ் இயர்பட்ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்குள் இருக்கும் சிறு லித்தியம் பேட்டரி, தினமும் பயன்படுத்தினால் இரண்டு மூன்று ஆண்டில் கண்கூடாகச் சோர்ந்துவிடும். பெரும்பாலானவற்றில் பசை போட்டு மூடியிருப்பதால் பேட்டரியை மாற்ற வழி இல்லை. எட்டாயிரம் ரூபாய் இயர்பட்ஸ் மூன்று ஆண்டு உழைத்தால் ஆண்டுக்குச் சுமார் 2,700 ரூபாய் ஆகிறது. முப்பதாயிரம் ரூபாய் ஹெட்ஃபோன் பதினைந்து ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 2,000. பில்லில் இருக்கும் தொகையைவிட இந்தக் கணக்குதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இதே கணக்கைத் திருப்பியும் போட வேண்டும். முப்பதாயிரம் கொடுத்து பேட்டரி மாற்ற முடியாத ஒயர்லெஸ் ஹெட்ஃபோன் ஒன்றை வாங்கினால், ஐந்தாறு ஆண்டுக்கான வாடகையை முன்கூட்டியே கட்டுகிறோம். அது தெரிந்து கட்டினால் தவறில்லை.

எச்டி 600 நல்ல பொருள் என்பதால் எல்லோரும் அதை வாங்கிவிடவும் வேண்டாம். அது ஓபன் பேக், அதாவது காதுக்கூட்டின் பின்பக்கம் திறந்திருக்கும். 1968இல் சென்ஹைசரின் எச்டி 414 தொடங்கிவைத்த வகை இது. ஒலி தலைக்குள் அடைபடாமல் விரிந்து கேட்கும், காதும் வேர்க்காது. ஆனால் வெளிச் சத்தம் அப்படியே உள்ளே வரும், நாம் கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். மேலே மின்விசிறி ஓட, ஹாலில் டிவி பாட, ஜன்னலுக்கு வெளியே வண்டிகள் போகும் வீட்டில் அதன் நுணுக்கம் பாதி காணாமல் போய்விடும். அமைதியான அறையும் தனியாக உட்கார நேரமும் உள்ளவர்களுக்கான பொருள் அது. போதாததற்கு அதன் மின்தடை 300 ஓம். சில போன்களில் நேரடியாகச் செருகினால் போதிய சத்தம் வராது, ஒலியைப் பெருக்கும் சிறிய ஆம்ப் ஒன்று தனியாக வாங்க வேண்டிவரும். பட்ஜெட்டில் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தொழிலில் இருப்பவர்கள் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தால் இன்னொரு தெளிவு கிடைக்கும். சோனியின் எம்டிஆர் 7506, 1991இல் வந்த க்ளோஸ்டு பேக், அதாவது பின்பக்கம் மூடிய ஹெட்ஃபோன். அமெரிக்காவில் அதன் விலை 100 டாலரை ஒட்டியே இருந்துவருகிறது. படப்பிடிப்புத் தளங்களிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் அதன் நீலப் பட்டையை இன்றும் பார்க்கலாம். ஒலியை வைத்துப் பிழைக்கும் எத்தனையோ பேர் இந்த விலையோடு திருப்தியாக வேலை செய்கிறார்கள் என்பது வாங்கப்போகும் நமக்குத் தெம்பு தரும் செய்தி.

இன்னும் மேலே போனால்? கம்பிச்சுருளை அசைத்து ஒலி எழுப்பும் சாதாரண ட்ரைவருக்குப் பதிலாக, மெல்லிய தாள் போன்ற பரப்பு முழுவதையும் காந்தப் புலத்தால் அசைக்கும் ப்ளேனர், மின்புலத்தால் அசைக்கும் எலெக்ட்ரோஸ்டேட்டிக் வகைகள் வருகின்றன. பேஸில் சிதைவு குறைவு, நுணுக்கம் கூடுதல். சிகரத்தில் சென்ஹைசரின் எச்இ 1 நிற்கிறது. 2015இல் அறிவித்தபோது அதன் விலை சுமார் 50,000 யூரோ. அதன் ஆம்ப் இத்தாலியின் கராரா பளிங்கில் செதுக்கியது. இந்த உயரத்தில் ஒலியின் முன்னேற்றம் சிறுகச் சிறுகத்தான் வரும், விலையோ மடங்கு மடங்காக ஏறும். கைவினையையும் அபூர்வத்தையும் விரும்பி வாங்குபவர்களின் மகிழ்ச்சி உண்மையானது. அந்த மகிழ்ச்சி இல்லாவிட்டால் நம் இசை குறைந்துபோகும் என்று மட்டும் யாரும் பயப்பட வேண்டியதில்லை.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. "40,000 ஹெர்ட்ஸ் வரை" என்று போட்டிருந்தால் அதற்காக ஒரு ரூபாயும் கூடுதலாகத் தர வேண்டாம். நம் காது 20,000ஐத் தாண்டாது. நடுவயதில் 15,000ஏ பலருக்கு எட்டாது. "40 மி.மீ. ட்ரைவர்" என்பதும் அளவைத்தான் சொல்கிறது, தரத்தை அல்ல. ஒயர்லெஸில் எல்டிஏசி போன்ற கோடெக், அதாவது பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறை, நல்லதுதான். ஆனால் உங்கள் போனும் அதை ஏற்க வேண்டும், ஐபோன் ஏற்பதில்லை. ஐபோன் வைத்திருப்பவர் எல்டிஏசிக்காகக் கூடுதல் விலை கொடுத்தால் அந்தப் பணம் வீண்.

வாங்கும் முன்

புதியது வாங்குவதற்கு முன்னால் கையில் இருப்பதை ஈக்வலைசரில், அதாவது ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் மென்பொருளில், போட்டுப் பாருங்கள். இலவசம் என்பதாலேயே பலர் இதை மதிப்பதில்லை. ஆட்டோஈக்யூ என்ற திறந்த மூலத் திட்டம் ஆயிரக்கணக்கான ஹெட்ஃபோன் மாடல்களுக்கு எந்த அதிர்வெண்ணை எவ்வளவு ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும் என்று தயாராகக் கொடுக்கிறது. உங்கள் மாடல் அதில் இல்லையென்றால், குத்தும் பகுதியைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். ஏற்றுவதைவிட இறக்குவது பாதுகாப்பு, ஏற்றினால் ஒலி உடைந்து சிதைய வாய்ப்புண்டு. இதைச் செய்து ஒரு வாரம் கேட்ட பிறகும் குறை தெரிந்தால், அந்தக் குறைக்கு ஒரு பெயர் வைக்க முடியும்: இரைச்சல் உள்ளே வருகிறது, காது வலிக்கிறது, மைக் மோசம், பேஸ் உடைகிறது. அந்தப் பெயரைக் கையில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும்.

கடையில் ஒரு பொறி உண்டு. சத்தம் கொஞ்சம் கூடுதலாக வரும் ஹெட்ஃபோன் எப்போதுமே நன்றாக ஒலிப்பதாகத் தோன்றும். சத்தம் ஏறும்போது பேஸ் ஒலிகளை நம் காது கூடுதலாக உணர்வது இதற்கு ஒரு காரணம். இது 1933இல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் அளந்து வெளியிட்ட உண்மை. ஆகவே இரண்டை ஒப்பிடும்போது குரல் இரண்டிலும் ஒரே அளவில் கேட்கும்படி வால்யூமைத் திருத்திக்கொள்ளுங்கள். விலையைக் கேட்காமல், முடிந்தால் பார்க்காமலே கேளுங்கள். கடைக்காரர் போடும் பாட்டு வேண்டாம். உங்களுக்கு மனப்பாடமான பாட்டு, அதன் மிருதங்கமோ தவிலோ கிட்டாரோ எங்கே எப்படி வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லத் தெரிந்த பாட்டு, அதைப் போடுங்கள்.

போட்டவுடன் சுகமாக இருப்பது இருபது நிமிடம் கழித்து உறுத்தலாம். சென்னை வெயிலில் தோல் போன்ற பேடு காதை வேகவைத்துவிடும், துணிப் பேடு கொஞ்சம் தாங்கும். ஆகவே கடையில் உட்கார இடம் கேட்டு, போட்டபடியே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் வாங்குவதானால் திருப்பிக் கொடுக்கும் விதியை முதலில் படியுங்கள். காதில் போட்ட பொருள் என்று பலரும் திருப்பி எடுப்பதில்லை. பிரபலமான பிராண்ட் பாதி விலைக்கு வந்தால் அது போலியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், அதனால் பில்லும் வாரண்டியும் தரும் இடத்திலேயே வாங்குங்கள்.

ஆன்லைன் வகுப்புக்கும் ஆபீஸ் மீட்டிங்குக்கும் என்றால் ஒலியைவிட மைக்குக்குப் பணம் கொடுங்கள், அதற்கு ஐந்தாயிரம் தாராளம். வீட்டில் இரவு அமைதியில் பாட்டு மட்டும் என்றால் மூவாயிரம் ரூபாய் கம்பி இயர்போனில் தொடங்குங்கள், போனில் 3.5 மி.மீ. துளை இல்லையென்றால் கம்பியைப் போனின் சார்ஜிங் துளையில் இணைக்கும் ஒரு சிறு டாங்கிளும் சேர்த்து. ஓராண்டு கேட்ட பிறகும் ஆசை விடவில்லை, அறையும் அமைதியாக இருக்கிறது என்றால் எச்டி 600 போன்ற ஒன்றுக்கு முப்பதாயிரம் கொடுக்க நான் தயங்காமல் ஆமாம் சொல்வேன். தினசரிப் பயணிக்கு நாய்ஸ் கேன்சலிங்குக்காக அதே தொகை தகும், ஆனால் பேடும் பேட்டரியும் தனியாகக் கிடைக்குமா, நம் ஊரில் மாற்றித் தருவார்களா என்று பில் போடுவதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள்.